சுழி பார்த்து வாங்கிய பேனா

அன்றைக்கு அந்தப் பேனாக் கடைக்குள் இருந்தவர்கள் ஐந்து பேர். பெரியப்பா, அக்கா, நான், கடைக்கார பாய், நிப்பு மாற்ற வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு வக்கீல் குமாஸ்தா. வாசலில் ஒரு வெள்ளாடு நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை, சேர்த்திருக்க வேண்டும் என்பது பிற்பாடுதான் தெரிந்தது. ஐந்து பேர் என்று இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு, இவர்களில் யார் வாயைத் திறந்தால் அக்காவின் கல்யாணம் நின்றுபோகும் என்று ஒவ்வொருவராக நிறுத்தி வைத்து யோசித்தபடி வந்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. கவலைப்படுவதில் அந்த வயதிலேயே நான் கெட்டிக்காரி. பிறகு படிப்பு ஐந்தாவதோடு நின்றது, இது மட்டும் நிற்கவில்லை.

கவலைக்குக் காரணம் அக்காவின் கை. அக்கா பீச்சாங்கைக்காரி. சோறு உண்பது, கோலம் போடுவது, திருநீறு எடுப்பது என்று நாலு பேர் பார்க்கிற காரியங்களையெல்லாம் அம்மா அடித்தும் அதட்டியும் சோத்தாங்கைக்கு மாற்றிவிட்டாள். எழுத்து மட்டும் மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆரம்பத்தில் மணிக்கட்டில் ஸ்கேலால் அடித்துப் பார்த்தார்களாம். கை வீங்கியதே தவிர எழுத்து இடம் மாறவில்லை. அப்புறம் அவள் வாங்கிய மார்க்கைப் பார்த்துவிட்டு, எந்தக் கையால் எழுதினால் என்ன என்று விட்டுவிட்டார்கள். தினமும் காரிமங்கலத்துக்கு நடந்து போய்ப் படித்து, பதினொன்றாம் வகுப்புத் தேறினாள்.

பீச்சாங்கையால் எழுதுகிறவர்களுக்கும் இங்க்குக்கும் ஒத்துப்போகாது. சோத்தாங்கையால் எழுதினால், எழுத எழுதக் கை முன்னால் போய்விடும், ஈர எழுத்து பின்னால் தங்கிக் காயும். பீச்சாங்கை அப்படியில்லை. இப்போதுதான் எழுதிய ஈரத்தின் மேலேயே ஊர்ந்து வரும். அதனால் அக்காவின் இடது உள்ளங்கை ஓரம், சுண்டுவிரல் அடியிலிருந்து மணிக்கட்டு வரைக்கும், வருஷம் முழுக்க நீலம். பொங்கலுக்குக் கொம்பில் வர்ணம் அடித்த மாடு மாதிரி இருக்கிறாள் என்பார் பெரியப்பா. அம்மா எலுமிச்சைத் தோலும் சாம்பலும் வைத்துத் தேய்ப்பாள். தோல் சிவக்கும். நீலம் அடியில் அப்படியே இருக்கும்.

முந்தின வருஷம் தொப்பூர்ப் பக்கமிருந்து ஒரு இடம் வந்தது. பெண் பார்த்து, நகை பேசி, எல்லாரும் எழுந்திருக்கிற நேரத்தில் மாப்பிள்ளையின் அத்தை தண்ணீர் கேட்டார். அக்கா வேறு ஏதோ நினைவில் செம்பைப் பீச்சாங்கையால் நீட்டிவிட்டாள். அத்தை செம்பை வாங்கவில்லை. அந்தக் கையையும் அதன் ஓரத்து நீலத்தையும் பார்த்துக்கொண்டே, "புள்ளைக்கு இதுதான் வருமா?" என்று கேட்டார்.

"அய்யோ, இல்லீங்க இல்லீங்க. அந்தக் கையில மாவு ஒட்டியிருந்துச்சு" என்றாள் அம்மா.

ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம் என்று சொல்லிப் போனார்கள். கடுதாசி வரவில்லை. தபால்காரர் எங்கள் தெருவில் நுழையும்போதெல்லாம் அம்மா வெளியே வந்து நின்றதும், அவர் மணியடித்துக்கொண்டே தாண்டிப் போனதும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இரண்டாவதாக வந்த இடம் மாரண்டஹள்ளி. மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் காய்கறி மண்டி, பையனுக்குப் பாலக்கோட்டில் ஏதோ ஓர் ஆபீஸில் குமாஸ்தா வேலை. மண்டிக்காரர் மாப்பிள்ளைக்கு வாட்ச் கேட்டார். மாப்பிள்ளை, தன்னிடம் வாட்ச் இருக்கிறது, நல்ல பேனா ஒன்று வாங்கிக் கொடுத்தால் போதும் என்று சொல்லி அனுப்பினார். பெரியப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. வாட்ச் எங்கே, பேனா எங்கே. "மாப்பிள்ளை தங்கம்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். மண்டிக்காரர் விடவில்லை. அப்படியானால் ஆபீஸில் நாலு பேர் வாங்கிப் பார்க்கிற மாதிரிப் பேனாவாக இருக்க வேண்டும் என்றும், வெற்றிலை பாக்கு மாற்றுகிற அன்றைக்கே அதைத் தட்டில் வைத்துவிட வேண்டும் என்றும் ஆள் அனுப்பினார்.

இப்படித்தான் நாங்கள் தருமபுரிக்குப் பேனா வாங்கப் போனோம். அப்பாவுக்கு நிலக்கடலையில் களைவெட்டு, தவிர எதிலும் அண்ணன் சொன்னால் சரி என்கிற ஆள். பெரியப்பா காரிமங்கலம் சந்தையில் மாட்டுத் தரகர். கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத வராது. எழுதிப் பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமென்று அக்காவைக் கூட்டிக்கொண்டார். என்னை அனுப்பியது அம்மா. கிளம்பும்போது என் தலையை இழுத்துச் சீவியபடி காதுக்குள் சொன்னாள்: "கடைத்தெரு. யாரு பாப்பாங்க, யாருக்குச் சொல்லுவாங்கன்னு தெரியாது. அவ பீச்சாங்கையப் பாத்துக்க. வெளிய வந்துச்சுன்னா கிள்ளு."

ஒரு கைக்குக் காவல் போனவள் என்று என்னைத் தவிர வேறு யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

கடை ஓர் அலமாரி அளவுதான் இருக்கும். பாய் கெட்டி ரப்பர்க் குச்சியைத் தானே கடைந்து பேனா செய்வார். கறுப்பில் சில, பழுப்பும் கறுப்பும் கலந்து மரத்து வைரம் மாதிரி வரியோடியவை சில. அதில் ஒன்றைப் பெரியப்பா எடுத்தார். மூடியைத் திறக்கவில்லை. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து மெதுவாக உருட்டிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"இது வேண்டாம் பாய். மூடிக்குக் கீழ பாடைச் சுழி இருக்குது."

"என்ன சுழிங்கண்ணே?"

"இங்க பாருங்க. ரெண்டு வரியும் இப்பிடி எதுர்த்தாப்ல வந்து படுக்குது பாத்தீங்களா? இந்தச் சுழி இருக்கற மாட்டக் கட்டுன வூடு வெளங்குனதே இல்ல."

"அண்ணே, அது ரப்பர்ல ஓடற வரிங்க."

"மாட்டுல மட்டும் என்ன, அது வெறும் மயிருதான். வச்சிருக்கறவனுக்கு வேலையக் காட்டிருமே."

பெஞ்சில் இருந்த குமாஸ்தா, "பல்லப் புடிச்சுப் பாருங்க பெரியவரே, எத்தனை பல்லு போட்டிருக்குதுன்னு" என்றார்.

பெரியப்பாவுக்குக் கிண்டல் உறைக்காது. உறைத்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார். "பல்லு பாக்காமயா? நிப்பு கடைசீலங்க. மொதல்ல அங்க லட்சணம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பேனாவை எடுத்தார். பாய் முதலில் சிரித்தார், அப்புறம் அவரும் ஆர்வமாகி ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்து நீட்டினார். ஒன்றுக்கு வால் குட்டை. ஒன்று கனம் போதாது, காற்றுக்கு ஆடும். கடைசியில் ஒரு பழுப்புப் பேனா பெரியப்பாவின் கையில் நின்றது. அதன் அடியில் வரிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கூம்பியிருந்தன. கோபுரச் சுழியாம். இப்படி ஒரு மாட்டுக்காக அவர் மூன்று சந்தை அலைந்திருக்கிறாராம்.

பேனா வாங்குவதைப் பற்றி எனக்கும் இன்றைக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. மூடியைக் கழற்றிப் பின்னால் செருகாமல் எழுதிப் பார்க்க வேண்டும், செருகினால் எடை பின்னால் சாய்ந்து ஏமாற்றும். கழுத்து மரை மூன்று சுற்றாவது போக வேண்டும். இதெல்லாம் நான் பிற்பாடு கற்றது. ஆனால் பெரியப்பா சுழி பார்த்து எடுத்த அந்தப் பேனாவைப்போல் கைக்கு அடங்கிய ஒன்றை இதுவரை நான் பிடித்ததில்லை. இதை எப்படி விளங்கிக்கொள்வது என்று தெரியவில்லை.

பாய் நிப்பைப் பொருத்திவிட்டு, "யாரு எழுதறதுங்க?" என்று கேட்டார். "அழுத்தி எழுதறவரா, தொட்டும் தொடாம எழுதறவரா? அதுக்குத் தக்கனதான் தேய்க்கணும்."

"ஆபீஸ்ல எழுதறவருங்க. மாப்பிள்ளை."

"அவரு வந்தா தேவலை."

"மாப்பிள்ளையப் பேனாக் கடைக்கு இழுத்துட்டு வரமுடியுங்களா? நம்ம பொண்ணு எழுதும். எழுது கண்ணு."

அக்கா சோத்தாங்கையை நீட்டிப் பேனாவை வாங்கினாள். பீச்சாங்கை முந்தானைக்குள் இருந்தது. நான் அந்தப் பக்கமாகத்தான் நின்றேன், கிள்ளுவதற்குத் தயாராக. அவள் எழுதியது என் எழுத்தைவிட மோசமாக இருந்தது. 'மாரண்டஹள்ளி' என்ற ஒரு வார்த்தை ஏணி ஏறி இறங்கியது. பதினொன்றாவது தேறிய பெண்ணின் எழுத்தைப் பார்த்துக் குமாஸ்தா புருவத்தைத் தூக்கினார். பாய் நிப்பைக் கல்லில் நாலு இழுப்பு இழுத்துக் கொடுத்தார்.

"கீறுதுங்க" என்றாள் அக்கா.

இன்னும் நாலு இழுப்பு. மறுபடியும் கீறுகிறது என்றாள். எழுதிப் பார்த்த காகிதங்களை ஒவ்வொன்றாகக் கசக்கி வாசல் பக்கம் போட்டாள். நான் அதைப் பார்த்தேன். கடையைக் குப்பையாக்குகிறாளே, பாய் திட்டப் போகிறார் என்று அதற்கும் தனியாகக் கவலைப்பட்டேன்.

மூன்றாவது காகிதத்தில் ஆடு உள்ளே வந்துவிட்டது. கசக்கிய காகிதத்தை மென்றுகொண்டே, பெஞ்சில் இருந்த குமாஸ்தாவின் கட்டுக்குள் வாயை வைத்தது. குமாஸ்தா 'அய்யோ கேஸ் கட்டு' என்று அலறினார். பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். மாட்டை அடக்கத் தெரிந்தவருக்கு ஆட்டை அடக்க வரவில்லை. அது பெஞ்சுக்கு அடியில் புகுந்து, அவர் கால்களுக்கு இடையில் வெளியே வந்து, கட்டை இழுத்துக்கொண்டு தெருவுக்கு ஓடியது. இருவரும் பின்னாலேயே ஓடினார்கள். நானும் வாசல் வரைக்கும் போய்ப் பார்த்தேன். யாராக இருந்தாலும் பார்ப்பார்கள்.

திரும்பியபோது பேனா அக்காவின் பீச்சாங்கையில் இருந்தது.

எனக்குக் கிள்ள வேண்டும் என்பது கூட மறந்துவிட்டது. அவள் கசக்காமல் விட்ட ஏணி எழுத்துக் காகிதத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டு ஒரே மூச்சில் மூன்று வரி எழுதிவிட்டு, "இந்தப் பக்கமாத் தேய்ச்சுக் குடுங்க" என்றாள். பாய் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கல்லைத் திருப்பிப் போட்டு மறுபக்கமாக இழுத்தார். அக்கா எழுதினாள். இன்னும் கொஞ்சம் என்றாள். மறுபடி எழுதினாள். அப்புறம் கீறல் சத்தமே இல்லை.

"இங்க்கு?" என்றார் பாய்.

நாலு புட்டி திறந்து வைத்தார். வெளிர்நீலம், கருநீலம், கறுப்பு, பச்சை. பச்சை பெரிய அதிகாரிகளுக்கு என்று அதைத் தானே மூடி வைத்துவிட்டார். மற்ற மூன்றிலும் அக்கா பேனாவைத் தோய்த்து ஒவ்வொரு வரி எழுதினாள். எழுதிய கையை எடுக்காமல் வரி மேலேயே இழுத்தாள். வெளிர்நீலம் பார்க்க அழகு, மேகம் மாதிரிப் பரவிவிட்டது. கறுப்பு பிசுபிசுத்தது. கருநீலம் எழுதும்போது சோகை பிடித்த மாதிரி வெளிறி இருந்தது. ஆனால் அவள் கை அதன் மேல் போய் வந்த பிறகும் எழுத்து வைத்த இடத்தில் வைத்தபடி நின்றது. நாங்கள் பார்க்கப் பார்க்க மெல்லக் கறுத்தது. அக்கா உள்ளங்கை ஓரத்தைத் திருப்பி என்னிடம் காட்டினாள். ஒன்றுமில்லை, வெறும் தோல். அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை நான் பதினொன்றாவது ரிசல்ட் வந்த அன்றைக்குக் கூடப் பார்த்ததில்லை.

பெரியப்பாவும் குமாஸ்தாவும் கட்டோடு திரும்பி வந்தார்கள். நான் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துக்கொண்டு அக்காவை மறைத்து நின்றேன். பெரியப்பா என்னை ஒதுக்கிவிட்டு உள்ளே வந்தபோது கை முந்தானைக்குள் போயிருந்தது. ஆனால் குமாஸ்தா மேஜை மேலிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஏணி எழுத்துக்குக் கீழே முத்து முத்தாக வரிகள். பிறகு என் பாவாடையைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. வக்கீல் குமாஸ்தா ஊர் ஊராகப் போகிறவர், பாலக்கோட்டுக்கும் போவார், மாப்பிள்ளையின் ஆபீஸுக்கும் போவார்.

விலை பேசியது துண்டுக்குள். சந்தையில் மாட்டுக்குப் பேசுவதைப்போல் பெரியப்பா துண்டை விரித்துப் பிடிக்க, பாயும் சளைக்காமல் அதற்குள் கையை விட்டார். அவர் மாமனார் வழியில் மாட்டு வியாபாரம் உண்டாம். இருவரும் விரலைப் பிடித்து அழுத்துவதும், தலையை ஆட்டுவதும், கையை உருவிக்கொள்வதும், மறுபடி உள்ளே விடுவதுமாகக் கொஞ்ச நேரம் போனது. பேசி முடித்து இங்க் புட்டியோடு சேர்த்து ஒரு விலைக்கு வந்தார்கள். பெரியப்பா ஐந்து ரூபாயை எண்ணி வைத்துவிட்டு எழுந்தார்.

"பாக்கி மூணேகாலுங்கண்ணே" என்றார் பாய்.

"மாடு வாங்கறவன் ஏர் பூட்டிப் பாக்காம முழுப் பணம் குடுப்பானுங்களா பாய்? படுக்காம உழுவுதான்னு பாக்கணும். மாப்பிள்ளை எழுதிப் பாத்து, நல்லாருக்குதுன்னு அவரு வாயால சொல்லட்டும். அடுத்த சந்தைக்கே வந்து குடுத்துட்டுப் போறேன்."

"சரிங்கண்ணே. எழுதறவங்க நல்லாருக்குதுன்னு சொன்னாக் குடுங்க" என்றார் பாய். சொல்லும்போது அக்கா பக்கம் பார்த்தார் என்று எனக்குத் தோன்றியது. அதையும் பயந்துகொண்டேன்.

பஸ்ஸில் அக்காவிடம் மெல்லக் கேட்டேன். "அம்மாகிட்ட என்னன்னு சொல்றது?"

"பேனா வாங்கியாச்சுன்னு சொல்லு."

"பீச்சாங்கை?"

"அது எங்க போச்சு? இங்கதான் இருக்குது" என்று மடியில் இருந்த பொட்டலத்தைத் தட்டினாள்.

வெற்றிலை பாக்கு மாற்றும் நாள் வந்தது. மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு வண்டி ஆட்கள் இறங்கினார்கள். மாப்பிள்ளையும் வந்திருந்தார். ஒல்லி, சட்டைப் பையில் ஒரு பழைய பேனா, அதற்குக் கீழே பையின் மூலையில் காசு அளவுக்கு இங்க் கறை. அம்மா அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பார்த்தேன்.

தட்டில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், நடுவில் கோபுரச் சுழிப் பேனா. லக்கினப் பத்திரிகை எழுத உட்கார்ந்தார்கள். மண்டிக்காரர், "குடுத்த பேனாவுலயே பையனே எழுதட்டும். அவன் கையெழுத்து அச்சாட்டம் இருக்கும்" என்றார். அந்த நிப்பை எந்தக் கைக்குத் தேய்த்தார்கள் என்று அந்தக் கூடத்தில் தெரிந்தவள் நான் ஒருத்தி. அக்கா சமையல்கட்டு நிலைக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தாள்.

மாப்பிள்ளை மஞ்சள் தடவிய காகிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டார். அரைச்சுழி வந்தது. மீதிக்குச் சர்ரென்று சத்தம்தான் வந்தது. அழுத்தினார். காகிதம் கீறிக்கொண்டு போய், கீறின இடத்தில் ஒரு பெரிய சொட்டு விழுந்து நின்றது.

சுற்றி இருந்தவர்கள் தலையை நீட்டிப் பார்த்தார்கள்.

"ஆரம்பமே கீறுதே" என்றார் மண்டிக்காரர்.

மாப்பிள்ளையின் அம்மா ஓசூர்ப் பக்கம். அவர் தன் தங்கையிடம் குனிந்து கன்னடத்தில் ஏதோ சொன்னார். தங்கை எழுந்து புடவையைச் சரிசெய்தார். கிளம்பப் போகிறார்கள், தொப்பூர்க்காரர்கள் மாதிரியே போகப் போகிறார்கள், இனிமேல் கடுதாசியும் வராது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. வெகுநாள் கழித்துக் கேட்டபோது, ஓசூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அவர் விசாரித்ததாகத் தெரிந்தது.

பெரியப்பாவுக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. "புது மாடுங்க... புதுப் பேனாங்க. மொத ஓட்டத்துல கொஞ்சம் மொரண்டு பண்ணும். கைக்கு வந்துச்சுன்னா விடாதுங்க."

"மாட்டுக்குத் தாத்துக்குச்சி இருக்குது. இதுக்கு என்னத்தக் குத்தறது?" என்றார் மண்டிக்காரர். அவர் ஆட்கள் சிரித்தார்கள். எங்கள் ஆட்கள் சிரிக்கவில்லை.

மாப்பிள்ளை அந்தச் சிரிப்பில் சேரவில்லை. பேனாவை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி நிப்பின் நுனியைப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அதன் ஓரத்தைத் தடவினார். பிறகு பேனாவைக் கைக்குள்ளேயே எதிர்ப்பக்கமாகச் சாய்த்து, பாக்கு கட்டி வந்த காகிதத்தில் ஒரு கோடு இழுத்தார். கோடு தண்ணீர் மாதிரி ஓடியது. நிமிர்ந்து சமையல்கட்டு நிலையைப் பார்த்தார்.

நானும் திரும்பிப் பார்த்தேன். அக்கா முந்தானைக்குள்ளிருந்து பீச்சாங்கையை எடுத்து, நிலைச்சட்டத்தில் நன்றாகத் தெரிகிற மாதிரி வைத்திருந்தாள். அம்மா அன்று காலையில் தேய்த்துத் தேய்த்துச் சிவந்துபோயிருந்த கை. எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளை பார்க்கிற நேரத்தில் இப்படி மறந்து நிற்கிறாளே என்று, தண்ணீர்ச் செம்பைக் கீழே வைத்துவிட்டு ஓடிப் போய் அந்தக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தேன். வரவில்லை. கிள்ளினேன், அம்மா சொன்னபடியே. அப்போதும் வரவில்லை.

"கடையில இத யாரு எழுதிப் பாத்ததுங்க மாமா?" என்று மாப்பிள்ளை கேட்பது காதில் விழுந்தது.

"நம்ம பொண்ணுதாங்க. பதினொண்ணாவது பாஸாச்சுங்களே" என்றார் பெரியப்பா, எதற்குக் கேட்கிறார் என்று தெரியாமலே பெருமையாக.

"நல்லாத்தான் தேய்ச்சு வாங்கியிருக்காங்க" என்றார் மாப்பிள்ளை. சட்டைப் பையிலிருந்த தன் பழைய பேனாவை எடுத்தார். வேறொரு காகிதத்துக்கு மஞ்சள் தடவச் சொல்லி, பத்திரிகையை முழுக்க எழுதி முடித்தார். அச்சு மாதிரிதான் இருந்தது. எழுதி முடித்ததும் கோபுரச் சுழிப் பேனாவின் மூடியைத் திருகித் திரும்ப எங்கள் தட்டிலேயே வைத்தார்.

"இது இங்கயே இருக்கட்டுங்க மாமா. கல்யாணம் வரைக்கும் எழுதிப் பழக்கட்டும்."

"யாரு பழக்கறது?" என்றார் அவர் அப்பா.

"வாங்குனவங்கதான்."

பெரியப்பாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கன்றுக்காளையை விலை பேசினாலும், பழக்குகிற வரைக்கும் விற்றவன் வீட்டிலேயே விட்டுவைப்பது சந்தை வழக்கம். "மாப்பிள்ளைக்கு மாட்டு வெவரம் தெரியுதுங்க!" என்று மண்டிக்காரரின் தொடையில் தட்டினார். மண்டிக்காரரும் வேறு வழியில்லாமல் சிரித்தார். வெற்றிலை பாக்கு மாறியது.

எனக்கு மட்டும் ஆறவில்லை. கொடுத்த பொருளைத் திருப்பி வைத்துவிட்டார் என்றால் என்ன அர்த்தம்? பேனா வேண்டாம் என்றால் பெண்ணும் வேண்டாம் என்றுதானே? பந்தல் போட்டு, மேளம் வந்து, தாலி கட்டி முடிகிற வரைக்கும் நான் தபால்காரரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன். அக்காவோ மத்தியானங்களில் சமையல்கட்டில் உட்கார்ந்து கருநீலத்தில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருந்தாள். கேட்டால், "பழக்கறேன்" என்பாள்.

அவளோடு அந்தப் பேனாவும் மாரண்டஹள்ளிக்குப் போயிற்று. காரிமங்கலம் பள்ளிக்கூடத்துக்குத் துணைக்கு நடக்க ஆளில்லை என்று என்னை ஐந்தாவதோடு நிறுத்தினார்கள். அவள் அங்கிருந்து ஆசிரியர் பயிற்சிக்கு மனுப் போட்டாள், படித்தாள், வாத்தியாரம்மா ஆனாள். கரும்பலகையில் பீச்சாங்கையால் எழுதினாள். அவள் வகுப்பில் யாருடைய மணிக்கட்டிலும் ஸ்கேல் விழுந்ததில்லை. அக்காவைக் கட்டிய மாமா சாகும்வரை தன் பழைய பேனாவிலேயே எழுதினார், சட்டைப் பை மூலையில் கறையோடு.

எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பிறகு ஒருநாள் அக்காவிடம் இதையெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். "எப்பிடியோ அந்த ஆடு உள்ள வந்துச்சு, நீ கை மாத்துனது பெரியப்பாவுக்குத் தெரியாமப் போச்சு. இல்லீனா என்ன ஆயிருக்கும்?" என்றேன்.

அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், பீச்சாங்கையால்தான். நிமிராமலே கேட்டாள்: "ஆட்டுக்கு யாருடி காயிதம் போட்டது?"

ஏணி எழுத்து, கீறுது கீறுது என்று சொன்னது, கசக்கி எறிந்த காகிதம், நிலைச்சட்டத்தில் வைத்த கை என்று ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இத்தனையும் நான் பக்கத்தில் நின்று, கண்ணை எடுக்காமல் காவல் காத்தபடி பார்த்தவை.

பாக்கி விஷயத்தில் பெரியப்பா சொன்ன சொல் மாறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் மாமாவிடம், "பேனா எப்பிடிங்க மாப்பிள்ளை, நல்லா உழுவுதுங்களா?" என்று கேட்பார். மாமா அக்காவைப் பார்த்துவிட்டு, "எனக்கு இன்னும் பழகலீங்க மாமா" என்பார். தருமபுரிக் கடைத்தெருவில் பாயைப் பார்க்கும்போது பெரியப்பா தானே முந்திக்கொண்டு, "மாப்பிள்ளை இன்னும் சொல்லலீங்க பாய், சொன்ன ஒடனே வந்துருவேன்" என்று கையைத் தூக்குவார். "அவசரமில்லீங்கண்ணே, எழுதறவங்க எழுதட்டும்" என்பார் பாய்.

மாமா கடைசி வரை சொல்லவில்லை. மூன்றேகால் ரூபாய் இன்னும் பாக்கி.